நோயாளி போனபின் அறையில் இருக்கும் காற்று

போன மாதம் அப்பாவுக்கு ப்ராங்கோஸ்கோப்பி எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு நுரையீரலுக்குள் பார்க்கும் பரிசோதனை. அவருக்கு முன்னால் உள்ளே போனவர் விடாமல் இருமியது வெளியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்டது. அவரை வெளியே கொண்டுவந்த ஐந்தாவது நிமிடம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். விரிப்பு மாற்றியாச்சு, குழாய் வேற. காற்று மட்டும் அதேதான். ஜன்னலே இல்லாத ஏசி அறை.

முன்னால் போனவருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டிபி சந்தேகத்துக்கும் இந்தப் பரிசோதனை செய்வதுண்டு. அன்று ராத்திரி அதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டிபி தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. காற்றில்தான் பரவும். இருமும்போது வரும் பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். சின்னத் துளிகள் அந்தரத்திலேயே உலர்ந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவில் மணிக்கணக்காக மிதக்கும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக கினிப் பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார்கள். நோயாளி பக்கத்திலேயே போகாத பன்றிகளுக்குத் தொற்று வந்தது. புற ஊதா ஒளி பட்ட காற்றைச் சுவாசித்த பன்றிகளுக்கு வரவில்லை.

அப்படியென்றால் ஒரு அறை சுத்தமாக எவ்வளவு நேரம் ஆகும்? மணிக்கு 6 தடவை காற்று மாறினால் பத்து நிமிடம் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். தப்புக் கணக்கு. புதுக் காற்று பழசோடு கலந்துதான் வெளியே போகும். அதனால் ஒரு சுற்று முடிந்தாலும் சுமார் 37 சதவீதம் மிச்சம் இருக்கும். 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். மணிக்கு 12 தடவை மாறினால் 23 நிமிடம். ஒரே தடவை மாறும் மூடிய அறை என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல்! இதுவும் காற்று எல்லா மூலையிலும் நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான். நிஜத்தில் இன்னும் இழுக்கும்.

ஸ்ப்ளிட் ஏசி இதில் உதவாது. அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர வைத்து திருப்பி விடுகிறது, அவ்வளவுதான்.

ஜன்னல் எவ்வளவு செய்யும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007ல் வெளியிட்டார்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டிடங்களில் 40. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 12தான். சளி மாதிரியைத் திறந்தவெளியில் எடுக்கச் சொல்வதும் இதனால்தான். நம்ம ஊரில் "பாத்ரூம் போய் துப்பிட்டு வாங்க" என்று டப்பாவைக் கையில் கொடுக்கிறார்கள். அதைவிட மோசமான இடம் கிடையாது.

மற்ற நேரங்களில் நோயாளிக்கு சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுவிட்டால் துளிகள் பெருமளவு அங்கேயே நின்றுவிடும். ப்ராங்கோஸ்கோப்பியில் குழாய் உள்ளே இருக்கும்போது முகத்தை முழுசாக மூட வழியில்லை. அதனால் உள்ளே இருப்பவர்கள் என்-95 போட வேண்டும். பரிசோதனை முடிந்ததும் கழற்றக் கூடாது, அந்த 46 நிமிடமோ 23 நிமிடமோ கழியும்வரை போட்டிருக்க வேண்டும். தரை துடைக்க வரும் அம்மாவுக்கும் இதேதான். அன்று அவர் முகத்தில் இருந்தது புடவைத் தலைப்பு.

பைசா செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. டிபி சந்தேகம் உள்ளவரை அன்றைய கடைசி ஆளாக வைத்துக்கொண்டால், அறைக்கு ராத்திரி முழுக்க நேரம் கிடைக்கும்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கிவிட்டேன். அந்த அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் டெக்னீஷியனிடம் கேட்டேன். "இருக்கு சார், சத்தம் போடுதுன்னு ஆஃப் பண்ணி வச்சிருக்கோம்" என்றார்.