ராயபுரம் முதல் பஸ்ரா வரை: எண்ணெய்க்காக நகர்ந்த படைகள்

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. கரையை நெருங்கி வந்து நின்ற ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல், தேடுவிளக்கைப் போட்டு இலக்கைப் பார்த்துக்கொண்டது. இலக்கு கோட்டை அல்ல, கவர்னர் மாளிகையும் அல்ல. ராயபுரத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள். அரை மணி நேரத்துக்குள் 120க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. இரண்டு டேங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.

கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லரைப் பற்றியும், எம்டனின் துணிச்சலைப் பற்றியும் நம் ஊரில் நிறைய எழுதியாகிவிட்டது. எரிந்த எண்ணெய் யாருடையது, அது சென்னைக்கு எப்படி வந்தது என்ற கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதற்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பர்மா ஆயில் கம்பெனி தொடங்கப்பட்ட ஆண்டு 1886. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1885 நவம்பரில், ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் தலைமையில் ஒரு படை ஐராவதி ஆற்றில் ஏறிச் சென்று மண்டலேயைப் பிடித்தது. படையில் சென்னை ராணுவத்தினரும் இருந்தார்கள். வெளியில் சொல்லப்பட்ட காரணம் தேக்கு: பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்கு மன்னர் திபாவின் அரசு சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவில் கால் ஊன்றிவிடுவார்களோ என்ற அச்சமும் பிரிட்டனுக்கு இருந்தது. எண்ணெய்க்காக மட்டுமே அந்தப் போர் நடந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அதுவரை மன்னரின் ஏகபோகப் பிடியில் இருந்த யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளின் வாசல் கம்பெனிக்குத் திறந்தது அதனால்தான். பதவியிழந்த திபாவை முதலில் கொண்டுவந்து வைத்ததும் சென்னையில்தான். ரத்னகிரிக்கு அனுப்பியது பிறகு. மன்னரைத் தொடர்ந்து அவர் நாட்டு எண்ணெயும் கப்பலேறி வந்தது. சென்னை வீடுகளின் சிம்னி விளக்குகளில் பர்மா கிருஷ்ணாயில் எரிந்தது.

பர்மா எண்ணெயில் வந்த லாபம் அடுத்து பாரசீகத்துக்கு, அதாவது இன்றைய ஈரானுக்கு, போனது. 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டபோது, செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது பர்மா ஆயில்தான். துளையிட்டவர்களுக்குக் காவல் நின்றது இந்தியக் குதிரைப்படைச் சிறு பிரிவு ஒன்று. மறு ஆண்டே ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனி பிறந்தது. பிரிட்டிஷ் கடற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றத் துடித்த வின்ஸ்டன் சர்ச்சில், 1914 ஜூனில் நாடாளுமன்றத்தைச் சம்மதிக்கவைத்தார். 22 லட்சம் பவுண்டுக்கு அந்தக் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை வாங்க அனுமதி கிடைத்தது. அதோடு கம்பெனியின் குழாயும் ஆபாதான் சுத்திகரிப்பு ஆலையும் அரசின் சொந்தச் சொத்துபோல ஆகிவிட்டன.

அவற்றைக் காக்க யாரை அனுப்புவது? இந்தியச் சிப்பாய்களை. துருக்கியுடன் போர் அறிவிக்கும் முன்பே, அக்டோபரிலேயே, ஒரு படைப்பிரிவு பஹ்ரைன் அருகே வந்து காத்திருந்தது. நவம்பர் 6ஆம் தேதி அது இன்றைய ஈராக்கின் ஃபாவோவில் தரையிறங்கியது. சென்னையில் டேங்குகள் எரிந்து அப்போது 45 நாள்தான் ஆகியிருந்தது. நவம்பர் முடிவதற்குள் பஸ்ரா விழுந்தது. எண்ணெய் நிலையங்களும் பத்திரமாகின. அத்தோடு திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. பாக்தாத் ஆசை படையை டைக்ரிஸ் ஆற்றில் மேலே மேலே இழுத்தது. கூத் நகரில் துருக்கியர் அதை முற்றுகையிட்டார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். சிப்பாய்களும் சமையல்காரர்களும் சுமைதூக்கிகளுமாக ஆறு லட்சத்துக்கு நெருக்கமான இந்தியர்கள் மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் தனித்தனியே இருக்கின்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை; ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும். நூறாண்டு கழித்துப் படித்தாலும் வயிறு எரிகிறது.

ஈரான் அந்த எண்ணெயைத் தன் கைக்குக் கொண்டுவர முயன்றது 1951இல். பிரதமர் முசாதிக் அதை நாட்டுடைமையாக்கினார். இரண்டே ஆண்டில், 1953 ஆகஸ்டில், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் ஏற்பாடு செய்த ஆட்சிக்கவிழ்ப்பில் அவர் பதவி பறிபோனது. மறு ஆண்டு உருவான கூட்டமைப்பில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம், பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம். இந்த முறை பெரும் படை தேவைப்படவில்லை.

கதை வடசென்னைக்குத் திரும்புவது மணலி வழியாக. 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸில் இந்திய அரசுடன் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாளிகள். 1969இல் ஓடத் தொடங்கிய ஆலை, பாரசீக வளைகுடாவின் டாரியஸ் கச்சா எண்ணெயை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. துறைமுகத்தில் இறங்கும் கச்சா, குடியிருப்புகளை ஒட்டிப் புதைத்த குழாயில் மணலிக்குப் போய்ச் சேர்ந்தது. அமோகோ 1985இல் விலகியது. 1998இல் பிபி அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆங்கிலோ-பெர்சியனின் இன்றைய பெயர்தான் பிபி. எம்டன் சுட்ட டேங்குகளின் சொந்தக்காரக் கம்பெனி, பர்மா காஸ்ட்ரால் என்ற பெயரில் 2000இல் அதே பிபியிடம் போய்ச் சேர்ந்தது.

மணலி ஆலையில் ஈரானியப் பங்கு இன்னும் 15 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. ஆனாலும் அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்திக்கொண்டது. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. காப்பீடும் வங்கிப் பரிமாற்றமும் மறுக்கப்பட்டாலே வாங்குவது நின்றுவிடும். கூட்டாளியிடம் வாங்க முடியாத நிலைக்கு ஒரு நாட்டைத் தள்ளுவதும் தலையீடுதான்.

அடுத்த மாதமே ஓமன் வளைகுடாவில் டேங்கர்கள் தாக்கப்பட்டன. இந்தியக் கொடியுடன் வரும் கப்பல்களைக் காக்க ‘ஆபரேஷன் சங்கல்ப்’ என்ற பெயரில் இந்தியக் கடற்படை வளைகுடாவுக்குப் போனது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது தவிர்க்க முடியாத வேலையாக இருக்கலாம். சொந்தக் கப்பலுக்குத் துணை போவதும் அந்நிய மண்ணில் இறங்குவதும் ஒன்றல்ல. ஆனால் ஃபாவோவில் இறங்கிய படைக்கும் முதலில் கொடுத்த உத்தரவு எண்ணெய்க் குழாய்க்குக் காவல்தான். எந்தக் காவலுக்கு, எத்தனை காலம், எந்த எல்லை வரை என்ற கேள்விகளை இப்போது டெல்லியிடம்தான் கேட்க வேண்டும்.