பலர் கூடிய அறையில் பேச்சின் மரியாதை

வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி, இன்று திருப்பூர்ப் பனியன் தொழிலோடும் பிணைந்துவிட்ட ஊராகையால், தையல் மிஷினின் முன் அமர்ந்து பிழைப்பவர்களோடு, மடிக்கணினியையும் கைப்பேசியையும் கொண்டு பிழைக்கும் மெர்ச்சண்டைசர்களும் கணக்கர்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். சொந்தக் காரியாலயம் அமைக்க வசதியில்லாதவர்கள், ஒரு மேஜைக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, முன்பின் அறியாத பலரோடு ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்யும் ‘கோ-ஒர்க்கிங்’ என்ற ஏற்பாடு, 2005-இல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்னும் கணினி நிபுணரின் முயற்சியால் பெயர் பெற்றது. நம் மாநிலத்திலோ 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் அரசே ‘முதல்வர் படைப்பகம்’ என்று ஒன்றைத் திறந்தது. அங்கே உத்தியோகம் பார்ப்போருக்கு ஒரு தளம், படிக்கும் மாணவர்களுக்கு வேறொரு தளம், உணவு உண்ண மற்றொரு தளம் என்று பிரித்து வைத்திருப்பது மிகவும் போற்றத்தக்க விவேகம்.

ஏனெனில், இத்தகைய இடங்களில் எழும் மனஸ்தாபங்களுக்கு மூல காரணம் பெரும்பாலும் பேச்சுதான். நாள் முழுவதும் ஓவர்லாக் மிஷின் இரைந்துகொண்டிருக்கும் கூடத்தில் கருமமே கண்ணாக இருக்கும் ஒருவர், அமைதியான அறையில் பக்கத்து மேஜைக்காரர் பேசும் தொலைபேசிப் பேச்சினால் நிலைகுலைந்து போவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அது மனத்தின் சுபாவம். 1976-இல் கோல், வெல்ஷ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், எழுத்துகளை வரிசையாகக் காட்டி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சு ஒலித்தால், அந்த மொழி புரியாதவர்களுக்குங்கூட ஞாபகம் தடுமாறுவதைக் கண்டார்கள். ஒரே சீராக ஒலிக்கும் இரைச்சல் அவ்வளவு இடையூறு செய்வதில்லை என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சு மட்டும் காதில் விழும்போது, மறுபக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று மனம் தன்னையறியாமல் ஊகிக்க முயல்வதால், இருவர் நேரில் பேசுவதைக் காட்டிலும் அது அதிகமாகக் கவனத்தைச் சிதைக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இதோடு மற்றொரு உண்மையும் சேர்கிறது. சுற்றிலும் சப்தம் மிகுந்தால் மனிதன் தன் குரலையும் உயர்த்தியே பேசுவான் என்பதை, எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1911-இல் எடுத்துக்காட்டினார். ஒருவர் குரல் உயர, அடுத்தவரும் உயர்த்த, சிறிது நேரத்தில் அறை முழுவதும் சந்தைக்கடையாகிவிடுகிறது. ஆயினும் ஐரோப்பாவில் காரியாலயங்கள் திறக்கும் வேளை நமக்குப் பிற்பகலாகவும், நியூயார்க்கில் திறக்கும் வேளை நமக்கு மாலை நேரமாகவும் அமைந்திருப்பதால், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசவேண்டிய நம் வட்டாரத்தாருக்கு அந்த நேரங்களில் பேச்சைத் தவிர்ப்பது சாத்தியமே அன்று.

ஆகவே பேச்சைத் தடைசெய்வது பரிகாரமாகாது. பேச்சுக்கென்று ஓர் இடம் ஒதுக்குவதே பரிகாரம். கதவு சாத்திய ஒரு சிறு அறையேனும் அதற்கென்று இருக்கவேண்டும். பெரிய அறையின் எதிரொலியைத் தணிக்கவோ நம் ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காதபடி எதிரொலித்த விரிவுரை மண்டபத்தை, 1890-களில் வாலஸ் ஸேபைன் என்ற பேராசிரியர், நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கியே ஆராய்ந்தார். நூலும் பஞ்சும் ஒலியை விழுங்கும் என்பது அதனால் அளந்தறியப்பட்ட விஷயம். கனத்த திரைகளும், சுவரில் துணி போர்த்திய பஞ்சுப் பலகைகளும் கண்ணாடிச் சுவரைவிட எவ்வளவோ மேலானவை.

மற்றவை மனிதரின் பண்பைப் பொறுத்தவை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதிருத்தல், நீண்ட உரையாடலுக்கு எழுந்து வெளியே செல்லுதல், காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவரை அவசரமின்றி அழைக்காதிருத்தல் ஆகிய இம்மூன்றும் போதும். இவற்றை மறந்துவிட்டவரிடம் முகம் சுளிக்காமல், “ஏனுங்ணா, கொஞ்சம் வெளியில போய்ப் பேசிக்கிறீங்களா?” என்று கேட்டுவிடுவதே உத்தமம், கேட்கப்பட்டவரும் அதை அவமரியாதையாகக் கொள்ளலாகாது. புதிதாக இத்தகைய கூடம் திறக்க எண்ணுவோர், மேஜை நாற்காலிகளுக்குக் கணக்குப் போடும்போதே பேசும் அறைக்கும் கணக்குப் போட்டுவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.