நட்டை முறுக்கிவிட்டுப் போனை எடுங்கள்

காலை நிகழ்ச்சியில் "பத்திரமாக ஓட்டுங்கள்" என்று தினமும் சொல்வது என் வேலை. அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

பட்டறைக்குப் போனால் காசும் போகும், நேரமும் போகும் என்று சின்னச் சின்ன கார் வேலைகளை வீட்டு வாசலிலேயே பார்க்கத் தொடங்கினேன். வேலை தெரிந்ததைவிடத் தைரியம் அதிகம்.

முதல் அடி ரேடியேட்டரில். கிள்ளானிலிருந்து திரும்பும்போது வண்டி சூடேறிவிட்டது. ஓரமாக நிறுத்தியதும் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்தேன். கொதிநீர் பீறிட்டு அடித்ததில் முழங்கை வரை கொப்புளம். உள்ளே அழுத்தம் இருப்பதால் அந்த நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடியில் பொங்கிவிடும். இன்ஜின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது.

அடுத்தது பேட்டரி. பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றினேன். ஸ்பானர் காரின் இரும்பில் பட்டதும் 'பட்'டென்று தீப்பொறி. காரின் உடம்பே நெகட்டிவ் முனையோடுதான் இணைந்திருக்கிறது. அதனால் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

இவை இரண்டிலும் அடிபட்டது நான் மட்டும். மூன்றாவதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஒரு ஞாயிறு மாலை. எங்கள் பழைய மைவியின் முன் டயர் பஞ்சர். ஸ்பேர் டயரை மாட்டி, நான்கு நட்டுகளையும் கையால் திருகி, ஜேக்கை இறக்கினேன். வீல் ஸ்பானரை எடுத்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது போன் அடித்தது. மறுநாள் நிகழ்ச்சிக்கு வரவிருந்த விருந்தினரைப் பற்றி இருபது நிமிடப் பேச்சு. முடித்ததும் சாமான்களை எடுத்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குக் கிளம்பினேன். மகளைப் பள்ளியில் விட மனைவி காரை எடுத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு.

"என்னங்க, முன் டயர் பக்கம் டக் டக்னு சத்தம் வருது. ஸ்டீரிங் ஆடுது. ஓரமா நிறுத்திட்டேன்."

அருகிலிருந்த பட்டறை அண்ணன் போய்ப் பார்த்தார். ஒரு நட்டு காணவில்லை. மற்ற மூன்றும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. போனில் என்னிடம் கேட்டார்: "ரேடியோவுல நல்லாப் பேசுறீங்க தம்பி. நட்டை யாரு முறுக்குறது?"

பாட்டு முடிந்தது. மைக்கைத் திறந்தேன். அன்று "பத்திரமாக ஓட்டுங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை.

சத்தம் கேட்டதும் வண்டியை நிறுத்தினாரே மனைவி, அந்தப் புத்திதான் அன்று இருவரையும் காப்பாற்றியது. நான் கற்றது இவ்வளவுதான்: டயர் தரையில் பட்டதும் நட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். நடுவில் வேலை நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் நட்டிலிருந்தே பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் நான் ஜேக்கை எடுத்தால் போன் மகள் கைக்குப் போய்விடும். "நட்டு முறுக்கிட்டீங்களாப்பா?" என்று கேட்ட பிறகுதான் திருப்பித் தருவாள்.