நிப்பு வடிவில் ஒரு சாப்பாடு!

சாத்தூர் என்றதும் நாக்கில் ஊறுவது சேவு. அடுத்தது வெள்ளரிக்காய். மைப்பேனாவில் எழுதிப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் பேனா நிப்பு! வைப்பாற்றங்கரையில் உள்ள இந்த ஊரில் நிப்பு செய்வது ஒரு காலத்தில் பேர்பெற்ற தொழில். பால்பாயிண்ட் பேனா பெருகிய பிறகு அது சுருங்கிவிட்டது.

இத்தாலிக்காரர்களிடமும் ஒரு நிப்பு இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறார்கள்!

அதன் பெயர் "பென்னே". கோதுமை ரவையைப் பிசைந்து, குழாயாகப் பிழிந்து, இரு முனையையும் சாய்வாக வெட்டிக் காயவைத்தது. பார்வைக்கு இறகுப் பேனாவின் முனைதான். மாவைப் பிசைந்து செய்யும் இந்த வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் பாஸ்தா. குழாயை நசுக்காமல் சாய்வாக வெட்டும் இயந்திரத்துக்கு, 1865-ல் ஜெனோவா நகரின் அருகே கப்புர்ரோ என்பவர் காப்புரிமை வாங்கினார். நம் "பேனா" போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். பேனாவுக்கும் பென்னேக்கும் மூலம், இறகைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்தான்!

சோம்பு சொல்லும் உறவு

பென்னேயோடு சேருவது சாசேஜ். கொத்திய பன்றிக் கறியைக் குடலில் அடைத்துச் செய்வது. தென் இத்தாலியில் அதற்கு மணம் தருவது எது தெரியுமா? நம் கறிக்குழம்பில் போடும் சோம்புதான்!

ஆகவே சாத்தூர் அடுப்படியில் சாசேஜைத் தேடி அலைய வேண்டாம். கால் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி போதும். இடித்த சோம்பு, பூண்டு, மிளகு, உப்பு சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவைத்தால், அந்த ருசி பாதிக்கு மேல் வந்துவிடும். மீதிப் பாதி பன்றிக் கொழுப்பின் ருசி. அதற்கு ஈடு கிடையாது.

கால் கிலோ கறியைக் குழம்பு வைத்தால் ஐந்து பேருக்குப் பங்கு வைப்பதே பாடு. இதிலோ ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கறி தட்டுப்படும். கறி அபூர்வமாயிருந்த ஏழை வீடுகள் கண்ட வழி இது.

செய்வது எப்படி?

சட்டியில் எண்ணெய் விட்டுக் கறியை உதிர்த்துப் போட்டு, நன்றாகச் சிவக்க விட வேண்டும். அவசரப்பட்டால் ருசி போச்சு! பிறகு வெங்காயம், வரமிளகாய், அரைக் கிலோ தக்காளி. கறி வெந்து, எண்ணெய் பிரியும் வரை சிறு தீயில் கிடக்கட்டும்.

இன்னொரு பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு போட்டு, அரைக் கிலோ பென்னேயைக் கொட்ட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சோறு போலக் குழைய விட்டால் களிதான் மிஞ்சும்! கடித்தால் நடுவில் லேசாக உறுதி தெரியும்போதே வடித்துவிட வேண்டும். வடித்த நீரில் ஒரு தம்ளர் எடுத்து வைப்பது அவசியம். அதில் மாவுச்சத்து இருக்கிறது. கறியையும் பென்னேயையும் ஒட்டவைப்பது அதுதான்.

பென்னேயைக் கறிச் சட்டியில் போட்டு, அந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, அடுப்பை அணைத்த பிறகே துருவிய சீஸைத் தூவ வேண்டும். கொதியில் போட்டால் சீஸ் கட்டி கட்டியாகிவிடும்.

சீஸ் இல்லையா?

இத்தாலியில் செம்மறி ஆட்டுப் பாலிலும் சீஸ் செய்கிறார்கள். சாத்தூரைச் சுற்றிய கரிசல் காட்டில் ஆட்டுக் கிடைகள் உண்டு. அந்த வழக்கம்தான் இல்லை. கடைச் சீஸோ விலை அதிகம்.

சீஸ் வாங்க முடியாத தென் இத்தாலி ஏழைகள், காய்ந்த ரொட்டியை உதிர்த்து எண்ணெயில் வறுத்துத் தூவிக்கொண்டார்கள். சாத்தூரில் அந்தக் கவலை எதற்கு? ஒரு பிடி காராச்சேவை நொறுக்கித் தூவினால் மொறுமொறுப்பும் பூண்டு மணமும் சேர்ந்து வரும். இத்தாலிக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். சாத்தூர்க்காரர் சுளிக்க மாட்டார்!

சூடு ஆறுமுன் சாப்பிட வேண்டும். மிஞ்சினால் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் நாலு முட்டை அடித்து ஊற்றித் தோசைக்கல்லில் அடைபோலச் சுடலாம். நேப்பிள்ஸ் நகரத்தில் அதுவும் ஒரு பேர்போன பலகாரம்.