பழநிக்கு நடக்கும் மூச்சு

தை பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் பேச்செல்லாம் பாதயாத்திரைதான். யார் இந்த வருஷம் காவடி எடுக்கிறார்கள், எந்த ஊர்ப் பந்தலில் என்ன சாப்பாடு, போன முறை யாருக்குக் கால் கொப்பளித்தது என்று வீட்டுக்கு வீடு ஓடும். காலுக்கு எண்ணெய், களிம்பு எல்லாம் தயாராகும். நுரையீரலை யாரும் நினைப்பதில்லை. குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்கிற உடம்பில், காலுக்குச் சமமாக உழைப்பது அதுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அத்தனையும் பயன்படுவதில்லை. செட்டிநாட்டு வீட்டுக்கு வந்து திண்ணையோடு திரும்பிவிடும் விருந்தாளி மாதிரி, அதில் 150 மில்லி மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்று அப்படியே வெளியேறிவிடும். மீதி 350 மில்லிதான் 30 கோடிக்கு மேற்பட்ட காற்று நுண்ணறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. உள்ளே இழுக்க உதரவிதானம் கீழே இறங்கினால் போதும். வெளியே விடத் தனியாக உழைப்பு வேண்டாம். நுரையீரல் தானாகவே சுருங்கிக்கொள்ளும்.

நடக்கத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. ரத்தத்தில் கரியமில வாயு கூடும் முன்பே, முதல் சில அடிகளிலேயே மூச்சு கூடிவிடுகிறது. காலைத் தூக்கச் சொல்லும் மூளை, அதே கையோடு மூச்சுக்கும் உத்தரவு அனுப்பிவிடுகிறது. மூட்டிலும் தசையிலும் உள்ள நரம்புகளும் சேர்ந்துகொள்கின்றன. அதன் பிறகு முகுளம், கரியமில வாயுவின் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது. மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். ஆரோக்கியமான ஒருவர் எவ்வளவு வேகமாக நடந்தாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் அநேகமாகக் குறைவதில்லை. ஓய்வில் ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டி முக்கால் நொடி இருக்கிறது. அதில் முதல் கால் நொடியிலேயே ஆக்சிஜன் ஏறிவிடும். பழநிமலையின் 700-ஐ நெருங்கும் படிகளில் இதயம் ரத்தத்தை விரட்டித் தள்ளும்போது அந்த முக்கால் நொடி எவ்வளவோ சுருங்குகிறது. அப்போதும் தாக்குப்பிடிக்கும். உடம்பு அவ்வளவு தாராளமாகக் கட்டப்பட்டிருக்கிறது.

எவ்வளவு வேகத்தில் நடக்கலாம்? கோஷத்தை வைத்தே சொல்லிவிடலாம். முன்னால் போகிறவர் ‘வெற்றிவேல் முருகனுக்கு’ என்றதும், ‘அரோகரா’வை இழுத்து முழுதாகச் சொல்ல முடிகிறதா? அந்த வேகம் சரி. பாதியில் மூச்சு அறுந்தால், தசையில் அமிலம் சேர ஆரம்பித்து அதை ஈடுகட்ட நுரையீரல் ஓடுகிறது என்று பொருள். நடையைத் தளர்த்துவதுதான் வழி.

இவ்வளவும் நல்ல செய்தி. என் கவலை மூச்சைப் பற்றியதல்ல, காற்றைப் பற்றியது.

ஓய்வில் நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்று. காவடியோடு நிதானமாக நடந்தால் 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர நடைக்கு 12,000 லிட்டர். ஒரு பகல், ஓர் இரவு முழுக்கப் படுத்தே கிடந்தாலும் 9,000 லிட்டரை எட்டாது. மேடு ஏறும்போது நிமிடத்துக்கு 40 லிட்டரைத் தொட்டதும் மூக்கு போதாமல் வாய் திறந்துகொள்ளும். மூக்கின் ரோமமும் சளிப்படலமும் தடுத்து நிறுத்துகிற தூசு, வாய் வழியே நேராக இறங்கும். அதிலும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த புகைத்துகள் நுண்ணறை வரை போகும். தோளில் போட்டிருக்கும் துண்டை மூக்கில் கட்டினால் புழுதி நிற்கும், இந்தப் புகை நிற்காது.

“விடியக்காலக் காத்து சுத்தமாச்சே” என்று வெயிலுக்கு முன்பே கிளம்புகிறார்கள். வெயிலுக்கு அது நல்லதுதான். ஆனால் தை மாத இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே படிந்துவிடும். புகை மேலே எழும்பாமல் ஆள் உயரத்தில் தங்கும். லாரிகள் ஓடுகிற அதே சாலையோரம்தான் நடைபாதை. நத்தம் சாலையில் ஓர் ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “ஏன் ஆச்சி நின்னுட்டீக?” “வண்டி போகட்டும்ப்பா. இப்ப நடந்தா அந்தப் புகை பூராவும் நெஞ்சுக்குள்ளதான் போகும்.” உடலியல் பாடம் படித்தவர் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

லாரியை நம்மால் நிறுத்த முடியாது. அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் எரிகிற குப்பையை நிறுத்தலாம். பிளாஸ்டிக் பூசிய தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், டீ கப் எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் அந்தப் புகைக்குள்ளேயே நடக்கிறார்கள், அதுவும் உட்கார்ந்திருப்பவரைப் போல நான்கு மடங்கு காற்றை இழுத்தபடி. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுக இது போதும். புண்ணியத்துக்குச் செய்கிற காரியத்தின் பின்பக்கம் இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கொஞ்சம் புகை இருந்தாலும் நடப்பதன் நன்மையே பெரிது என்பார்கள் மருத்துவர்கள். சரிதான். அதற்காக நாமே தீ மூட்ட வேண்டுமா?

வாழையிலையும் மந்தாரை இலையும் நம் பக்கம் கிடைக்காத பொருள் அல்ல. டிபன் கொண்டுவருகிற வேனிலேயே எச்சில் இலையையும் கப்பையும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பலாம். பந்தலுக்கு நன்கொடை எழுதும்போதே, குப்பை வண்டிக்கும் ஒரு தொகையைச் சேர்த்து எழுதுங்கள்.