பொந்தியான் கரையில் தொடங்கிய கதை: ஊராட்சித் தேர்தல் எங்கே போனது?

கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். எரியாத தெருவிளக்கைச் சரிசெய்ய வேண்டும். கோயில் மண்டபத்தை விரிவுபடுத்தத் திட்ட அனுமதி வேண்டும். இத்தனைக்கும் பொந்தியான் மக்கள் நாடிச் செல்வது நகராண்மைக் கழகத்தைத்தான். நாடாளுமன்ற உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மக்கள், வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் இந்த மன்றத்தின் உறுப்பினர்களை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அது ஏன்?

அப்படியொரு தேர்தல் இந்த நாட்டில் நடந்ததே இல்லை என்றுதான் இளைய தலைமுறையினர் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவல்ல.

மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் 1955ஆம் ஆண்டில் நடந்தது. அதற்கு முன்பே, 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் தங்கள் நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்டனர். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் வந்த சட்டம் ஒன்று, புதுக்கிராமங்களிலும் உள்ளூர் மன்றங்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. ஓட்டுப் போடும் பழக்கத்தை இந்த நாட்டு மக்கள் முதலில் கற்றுக் கொண்டது ஊராட்சித் தேர்தலில்தான்.

போர் வந்தது, தேர்தல் நின்றது

தேர்தல் நின்று போன கதையில் பொந்தியானுக்கும் பங்குண்டு. மலேசியா உருவானதை ஏற்காத இந்தோனேசியா, 'கொன்ஃபுரொந்தாசி' எனப்படும் மோதலில் இறங்கியிருந்த காலம் அது. 1964 ஆகஸ்டு 17ஆம் தேதி ஏறத்தாழ நூறு பேர் கொண்ட இந்தோனேசியப் படை கடல் வழியாகப் பொந்தியான் கரையில் இறங்கியது. செப்டம்பர் 2ஆம் தேதி லாபிஸ் பகுதியில் வான்குடைப் படையினர் குதித்தனர். மறுநாள் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

அந்த அவசரகால அதிகாரத்தின் கீழ்தான் 1965 மார்ச் முதல் தேதி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடத்தப்படும் என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டு 11ஆம் தேதி இரு நாடுகளும் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அமைதி திரும்பியது, தேர்தல் திரும்பவில்லை.

வேறு காரணங்களும் இருந்தன. சில மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடு நடப்பதாகப் புகார்கள் எழுந்தன. ஜார்ஜ்டவுன் போன்ற நகரங்களில் எதிர்க்கட்சியான சோசலிஸ்டு முன்னணியின் கை ஓங்கியிருந்தது என்பதையும் மறந்து விட முடியாது.

ஒரு தமிழர் எழுதிய தீர்வு

ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய 1965ஆம் ஆண்டில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் வழக்கறிஞரும் மஇகா தலைவர்களில் ஒருவருமான செனட்டர் ஆதி நாகப்பன். 1968 டிசம்பரில் ஆணையம் தன் அறிக்கையை நிறைவு செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியில் குறைகள் உண்டு. ஆனால் நன்மைகள் அவற்றை விட அதிகம் என்பதே ஆணையத்தின் முடிவு. தேர்தலை மீண்டும் கொண்டு வரும்படி அது பரிந்துரைத்தது.

அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஊராட்சித் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கும் முறை வந்தது. தற்காலிகம் என்று சொல்லி நிறுத்தப்பட்ட உரிமை, பதினோரு ஆண்டுகளில் நிரந்தரமாகப் பறிபோனது. இது பற்றி மக்களின் கருத்தை அறிய ஒரு வாக்கெடுப்பும் நடத்தப்படவில்லை.

பினாங்கு மாநிலம் 2012ஆம் ஆண்டில் தேர்தலை மீட்கத் தனிச்சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டில் புதிய அரசாங்கம் அமைந்தபோது பேச்சு மீண்டும் எழுந்தது. இனங்களுக்கிடையே பிளவு ஏற்படும் என்று கூறிப் பிரதமர் மகாதீர் அதை நிராகரித்தார். நகரங்களில் ஓர் இனமும் புறநகரில் வேறோர் இனமும் அதிகாரம் பெற்று எதிரெதிரே நிற்குமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லாமல், தேர்தல் வேண்டும் என்று மட்டும் கேட்பது போதாது.

வேல்ஸ் காட்டும் வழி

அதிகாரத்தை மக்களிடம் கேட்டுக் கேட்டு வளர்த்த நாடும் உண்டு. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில், தனி மன்றம் வேண்டுமா என்று 1979 மார்ச் முதல் தேதி பொது வாக்கெடுப்பு நடந்தது. ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றனர். 1997ஆம் ஆண்டில் மீண்டும் கேட்டபோது 50.3 விழுக்காட்டினர் சம்மதித்தனர். வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டுகள். 1999ஆம் ஆண்டில் 60 உறுப்பினர்களோடு மன்றம் கூடியது. முதலில் அதற்குக் கிடைத்த அதிகாரம் குறைவுதான். கூடுதல் சட்டமியற்றும் அதிகாரம் வேண்டுமா என்று 2011ஆம் ஆண்டில் கேட்டபோது 63.5 விழுக்காட்டினர் ஆம் என்றனர். மன்றத்தின் செயல்பாட்டைக் கண்ட பிறகே மக்களின் நம்பிக்கை வளர்ந்தது.

வேல்ஸ் ஒரு தேசம். பொந்தியான் ஒரு மாவட்டம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனால் அதிகாரம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பார்க்கலாம். அங்கே அது மக்களை நோக்கி இறங்கி வந்தது. இங்கே மேலே ஏறிக் கொண்டே போகிறது. 2011ஆம் ஆண்டிலிருந்து ஜொகூரில் குப்பை அகற்றும் பொறுப்பு கூட கூட்டரசுச் சட்டத்தின் கீழ் போய்விட்டது.

ஓட்டு இல்லாவிட்டாலும் மக்களுக்கு உரிமைகள் உண்டு. நகராண்மைக் கழகத்தின் முழு மன்றக் கூட்டம், மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. மதிப்பீட்டு வரி உயர்த்தப்பட்டால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்ட வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போது, கோயிலுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் நிலம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். இந்த உரிமைகளைப் பயன்படுத்தும் இந்தியர்கள் எத்தனை பேர்?

வரி கட்டுபவர்கள் கேள்வி கேட்கப் பழகினால், ஓட்டுரிமைக்கான குரலும் வலுப்பெறும். ஆதி நாகப்பன் ஆணையம் அறிக்கை எழுதி அரை நூற்றாண்டு கடந்து விட்டது. அந்த அறிக்கை இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது.