பூனைமுடி

சிறுமியரின் முன்னங்கையிலும் கெண்டைக்காலிலும் மேலுதட்டுக்கு மேலேயும் தெரியும் மெல்லிய முடியைப் பூனைமுடி என்பது தமிழ் வழக்கு. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களைத் தவிர்த்தால் உடம்பு முழுக்க மயிர்க்கால்கள் உண்டு. தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும் இவை ஏறத்தாழ 50 லட்சம். பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. 6 முதல் 8 வயதுக்குள் அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் தொடங்குவது 8 முதல் 13 வயதுக்குள். அந்தக் கட்டத்தில் சில இடங்களில் பூனைமுடி கறுத்துத் தடிக்கும். எவ்வளவு தடிக்கும் என்பது பெரும்பாலும் வம்சவழி. அம்மாவையோ அத்தையையோ பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்த முடியைப் பற்றிச் சிறுமிகளுக்கு வரும் கூச்சம் கொடைக்கானல் பிள்ளைகளிடம் சீக்கிரம் வெளியே தெரிவதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பள்ளிச் சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் வழக்கமான உடை. கூச்சம் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. விடுமுறைக்கோ கல்யாணத்துக்கோ மலையிறங்கும் பஸ் வத்தலக்குண்டை நெருங்கும்போது புழுக்கம் தாங்காமல் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். கழுத்துவரை பொத்தான் போட்டபடி, நெற்றியில் வியர்வை வழிய உட்கார்ந்திருக்கும் சிறுமியைக் கேட்டால் "எனக்குக் குளிருது" என்பாள். அந்தப் பதிலை அம்மா அப்படியே நம்பிவிடக் கூடாது.

பெரும்பாலும் இது தானாக வரும் கூச்சம் அல்ல, யாரோ சொன்ன சொல்லில் தொடங்குவது. மஞ்சள் நீராட்டு விழாவில் நலங்கு வைக்க வந்த உறவுக்காரப் பெண் முகத்தை ஏந்திப் பார்த்து, "என்னடி, மீசை முளைக்குது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுச் சிரிப்பார். கேட்டவர் சாப்பிடும் முன்பே மறந்துவிடுவார். அந்தப் பெண் அன்றிரவு கண்ணாடி முன் நிற்பாள். வகுப்பில் பையன்கள் வைக்கும் பட்டப்பெயரும் இதே வகைதான். 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 591 மதிப்பெண் எடுத்து முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளியானபோது, மதிப்பெண்ணை விட்டுவிட்டு முகத்து முடியைப் பற்றித்தான் முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். படிப்பில் நாட்டுக்கே தெரிந்த பெண்ணுக்கே இந்த நிலை என்றால், பண்ணைக்காட்டிலோ பூம்பாறையிலோ படிக்கும் ஒரு சிறுமி மனதுக்குள் எவ்வளவு குன்றிப்போவாள் என்பதை ஊகிக்கலாம்.

இந்தக் கூச்சம் காலங்காலமாக இருந்துவருவதும் அல்ல. பழைய தமிழ்ப் பாதாதிகேச வருணனைகளில் பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய முடிவரிசைக்கு மயிரொழுங்கு என்று தனிப்பெயரே உண்டு. புலவர்கள் அதை அழகின் ஓர் அங்கமாகவே பாடினார்கள். ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று தனி ரேஸரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது 1915-இல். அக்குளில் முடி இருப்பது பெண்ணுக்கு அழகல்ல என்ற எண்ணத்தைப் பரப்பியதில் அக்கால விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மழித்தால் முடி அடர்த்தியாகும் என்ற நம்பிக்கைக்கு மலையடிவாரத்துப் பழனி ஒரு நல்ல பாடம். முருகனுக்கு முடி காணிக்கை செலுத்திக் குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசும்போது, "இனிமே முடி நல்லா அடர்த்தியா வரும்" என்று பாட்டி சொல்வார். அதே பாட்டிதான் பத்து வருஷம் கழித்து, "கால்ல பிளேடு வச்சிராத, கரடி மாதிரி வளந்திரும்" என்று பேத்தியை எச்சரிப்பார். இரண்டும் ஒரே நம்பிக்கை; இரண்டும் சரியல்ல. பிளேடு வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற இழையை. முடி வளர்வது தோலுக்கு அடியில். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-இலேயே ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று காட்டினார். மொட்டை போட்ட பத்தாம் நாள் குழந்தையின் தலையைத் தடவினால் உள்ளங்கையில் சுருக்சுருக்கென்று குத்தும். கூராக முடிய வேண்டிய நுனி மொண்ணையாக வெட்டுப்பட்டிருப்பதால் வரும் உணர்வு அது. மொட்டைக்குப் பின் அடர்த்தியாக வருவதுபோல் தெரிவதற்கும் காரணம் உண்டு. குழந்தையின் முதல் மென்முடி போய்த் தடித்த முடி வரும் வயது அது. மொட்டை போடாவிட்டாலும் வந்திருக்கும்.

மகள் இதைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்று தள்ளிவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. அவளைப் பொறுத்தவரை அது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல. "எனக்கும் உன் வயசுல இப்படித்தான் இருந்துச்சு" என்று தன் கையை நீட்டிக் காட்டும் அம்மா பாதிச் சுமையை இறக்கிவிடுகிறார். முடியை அப்படியே விடுவதா, எடுப்பதா என்பதை மகள்தான் சொல்ல வேண்டும். அவள் கேட்காதபோது பார்லருக்கு அழைத்துப் போவது, அவளிடம் குறை இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

எடுக்க விரும்பினால் சிறு வயதில் எளிய வழி, சோப்பு நுரையில் புது ரேஸரால் மழிப்பது. முதல்முறை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். த்ரெட்டிங், வேக்ஸிங் இரண்டும் வலிக்கும். முடி நீக்கும் கிரீமை முதலில் ஓர் இடத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்; கொடைக்கானலில் மார்கழி, தை மாதக் குளிரில் தோல் வறண்டு வெடித்திருக்கும்போது அது எரிச்சலைக் கிளப்பும். கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனிப் பூச்சு முடியை வேரோடு போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஹார்மோன்கள் அடங்காத வயதில் லேசருக்குப் பணம் செலவழிப்பதும் வீண். புதிதாக முடி தடித்துக்கொண்டேயிருக்கும். கொடைக்கானலில் விடுதிப் பள்ளிகள் பல. அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் தோழியின் ரேஸரைக் கடன் வாங்குகிறார்கள். தொற்று பரவ அது வழி என்பதை விடுதிக் காப்பாளர் வெளிப்படையாகப் பேசலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. 8 வயதுக்கு முன் அக்குளில் அல்லது பிறப்புறுப்புப் பகுதியில் முடி வருவது, தாடை, மார்பு, அடிவயிற்றில் தடித்த முடி வேகமாக வளர்வது, குரல் கனப்பது, கழுத்து மடிப்பு கறுத்துத் தடிப்பது, கடுமையான பருக்களோடு மாதவிடாய் தவறிப்போவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. பெண்களின் மிகை முடியை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபெரிமன்–கால்வே அளவுகோல் 1961-இல் வந்தது; இன்று வழக்கத்தில் உள்ள அதன் திருத்திய வடிவம் உடம்பில் 9 இடங்களைப் பார்க்கிறது. சிறுமிகள் மிகவும் மறைக்கத் துடிக்கும் முன்னங்கையும் கெண்டைக்காலும் அந்த ஒன்பதில் இல்லை. அந்த இடத்து முடி நோயின் அடையாளமாகவே கொள்ளப்படுவதில்லை.

முடியைப் பார்த்ததும், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோ என்ற பயத்தில் உடனே ஸ்கேன் எடுக்க ஓடவும் வேண்டாம். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆவதற்குள் பி.சி.ஓ.எஸ்.-ஐக் கண்டறிய ஸ்கேனை நம்பக் கூடாது என்று 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிமுறை சொல்கிறது. அந்த வயதில் சினைப்பையில் சிறு நீர்ப்பைகள் பல தெரிவது இயல்பு. 10 முதல் 19 வயதினருக்காக 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை பெறலாம். நேரில் பேசக் கூசும் மாணவி 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை உதவி எண்ணிலோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ கேட்கலாம்.